பெயர் நம்முடையது, மூக்குக்கண்ணாடியைச் செய்வது யார்?

உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த நிறுவனமே அதைச் செய்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், கடைகளில் நாம் பார்க்கும் பல பெயர்களுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. வடிவமைப்பு ஓர் ஊரில், உற்பத்தி வேறோர் ஊரில், விற்பனை இன்னோர் ஊரில் நடக்கிறது.

இந்தத் தொழிலின் வழக்கமே அப்படித்தான். லியோனார்டோ டெல் வெக்கியோ 1961ஆம் ஆண்டு இத்தாலியின் அகோர்டோ என்ற மலையூரில் தொடங்கிய லக்சோட்டிக்கா, முதலில் மற்ற நிறுவனங்களுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்த சிறு பட்டறைதான். சொந்தப் பெயரில் விற்பனையைத் தொடங்கியது பிறகுதான். 1999ஆம் ஆண்டு ரேபான் பெயரையே அது வாங்கிவிட்டது.

படிப்பு முடிந்ததும் நீங்களும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு புதிய மூக்குக்கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் முடிவாகிவிட்டது, படமும் வரைந்தாயிற்று. எந்தத் தொழிற்சாலையிடம் கொடுப்பது? சீனாவின் ஷென்சென், வென்சோ நகரங்களில் மட்டும் ஏராளமான தொழிற்சாலைகள் இருக்கின்றன. விலையை மட்டும் கேட்டு முடிவெடுத்தால் பின்னால் வருந்த நேரிடும். கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி, உங்கள் வேதியியல், இயற்பியல் பாடங்களிலேயே இருக்கின்றன.

முதல் கேள்வி, வடிவம் யாருடையது என்பது. தொழிற்சாலை ஏற்கெனவே வைத்திருக்கும் வடிவத்தில் உங்கள் பெயரை மட்டும் பொறித்துத் தருவது ஒரு வழி. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால், அதே ஃபிரேம் வேறு பெயரில் பக்கத்துக் கடையிலும் தொங்கலாம். உங்கள் படத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்வது இன்னொரு வழி. அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பொருள்தான் தீர்மானிக்கிறது.

தடிமனான, பளபளப்பான, ஆமை ஓடு போன்ற கோலமுள்ள ஃபிரேம்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை. பருத்தியிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ எடுக்கும் செல்லுலோஸை வேதிவினைக்கு உட்படுத்தி, வளைந்து கொடுப்பதற்கான பொருளையும் கரைப்பானையும் சேர்த்துத் தகடாக்குகிறார்கள். அந்தத் தகட்டைக் கணினி இயக்கும் இயந்திரம் வெட்டுகிறது. பிறகு மரத்துண்டுகள் நிறைந்த பீப்பாய்க்குள் போட்டு நாள்கணக்கில் உருட்டுகிறார்கள். கையில் வழுக்கிக்கொண்டு போகும் அந்த மென்மை அப்படித்தான் வருகிறது.

இங்கேதான் தொழிற்சாலையின் நேர்மை தெரியும். புதிய தகட்டில் கரைப்பான் எஞ்சியிருக்கும். அது ஆவியாகி வெளியேறும்வரை தகட்டை உலர வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால், ஃபிரேம் பெட்டியில் இருக்கும்போது அழகாகவே இருக்கும். சில மாதங்களில் மெல்லச் சுருங்கும், கோணும். வில்லை கழன்று விழும். வாங்கியவர் திட்டுவது உங்கள் பெயரைத்தான், தொழிற்சாலையை அல்ல. ஆகவே “ஒரு ஃபிரேம் என்ன விலை?” என்பதற்கு முன்னால், “தகட்டை எத்தனை நாள் உலர வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரோடு மேற்கொண்டு பேசலாம்.

உருக்கிய நைலானை அச்சுக்குள் செலுத்திச் செய்யும் ஃபிரேம்கள் இலேசானவை, நன்றாக வளையும். விளையாட்டு வீரர்களுக்கு ஏற்றவை. ஆனால், ஒவ்வொரு வடிவத்துக்கும் உலோக அச்சு செய்ய வேண்டும். அதன் விலை அதிகம். ஆயிரக்கணக்கில் செய்தால்தான் கட்டுப்படியாகும். சில நூறு மட்டும் செய்ய நினைப்பவருக்கு, அச்சே தேவைப்படாத அசிட்டேட் தகடு வசதியானது.

உலோகம் என்றால் ஜப்பானின் ஃபுக்குய் வட்டாரத்தில் உள்ள சபாயே நகரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பனிக்காலத்தில் வேலையில்லாமல் இருந்த விவசாயிகளுக்காக, மசுனாகா கொசாயெமொன் 1905ஆம் ஆண்டு அந்த வட்டாரத்தில் மூக்குக்கண்ணாடித் தொழிலைத் தொடங்கிவைத்தார். இன்று ஜப்பானில் செய்யப்படும் ஃபிரேம்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அங்கிருந்து வருகின்றன. டைட்டேனியம் ஃபிரேம்களில் அவர்கள் முன்னோடிகள். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4.5 கிராம், நிக்கலுடையது அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால், சூடாக்கினால் டைட்டேனியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. அதனால் ஆர்கான் போன்ற மந்த வாயுவின் பாதுகாப்பில்தான் அதை ஒட்ட வேண்டும். அந்த வசதி இல்லாத தொழிற்சாலை குறைந்த விலை சொன்னால், கொஞ்சம் சந்தேகப்படுவதில் தவறில்லை.

நம் ஊர் வெயிலில் காதோரம் எப்போதும் வியர்வைதான். வியர்வையின் உப்பும் அமிலத்தன்மையும் மலிவான உலோகக் கலவையிலிருந்து நிக்கலைக் கரைத்தெடுக்கும். ஒவ்வாமை உள்ளவருக்குத் தோல் சிவந்து அரிக்கும். நீண்ட நேரம் தோலில் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் உங்கள் வடிவத்துக்கு உரிய அறிக்கையாக. வேறொரு ஃபிரேமின் சான்றிதழைக் காட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு.

வெயில் கண்ணாடி விற்பதாக இருந்தால் பொறுப்பு இன்னும் கூடும். இருண்ட வில்லைக்குப் பின்னால் கண்மணி விரிந்து அதிக ஒளியை உள்ளே விடும். வில்லை இருட்டாக மட்டும் இருந்து புற ஊதாக் கதிர்களைத் தடுக்காவிட்டால், கண்ணாடி போடாதவரைவிடப் போட்டவருக்கே தீங்கு அதிகமாகலாம். நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 400 நேனோமீட்டர் வரையிலான கதிர்கள் தடுக்கப்படுகின்றனவா என்பதை நிறமாலை ஒளிமானி சொல்லும். ‘யூவி400’ என்று ஒட்டுத்தாள் அச்சடிக்க யாராலும் முடியும்.

வில்லையின் உறுதிக்கும் சோதனை இருக்கிறது. அமெரிக்க விதிப்படி சுமார் 16 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் வில்லை உடையக்கூடாது. ஃபிரேம்களுக்கு ஐஎஸ்ஓ 12870 என்ற அனைத்துலகத் தரநிலை உண்டு. வியர்வை, வெப்பம், தீ ஆகியவற்றை ஃபிரேம் தாங்குமா, கையைத் திரும்பத் திரும்ப அசைத்தால் அது தளருமா என்றெல்லாம் அதன்படி சோதிக்கிறார்கள்.

எல்லாம் சரியென்றால் மாதிரி செய்யச் சொல்லலாம். முதல் மாதிரி பெரும்பாலும் மனத்துக்குப் பிடிக்காது. மூக்குப்பாலம் நம் முகங்களுக்கு உயரமாக இருக்கும், அல்லது கீல் இறுகியிருக்கும். திருத்தி வந்த மாதிரியில் இரண்டு வாங்கி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்றைத் தொழிற்சாலையிலும் மற்றதை உங்களிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கு வந்து சேர்ந்ததும் மேலே இருக்கும் பெட்டியைத் திறக்காதீர்கள். அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் சிலவற்றை உருவி எடுத்து, அந்த மாதிரியின் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.