‘பீப்’ சத்தம் யாருக்குக் கேட்கிறது?



உங்கள் வீட்டில் இரவு ஜாகா வேலைக்குப் போகிறவர் இருக்கிறாரா? செம்பனைக் காட்டில் ஆட்களைக் கவனிக்கும் மண்டோர் இருக்கிறாரா? பட்டணத்துத் தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் தம்பி இருக்கிறாரா? அவருடைய இடுப்பில் பெரும்பாலும் ஒரு வாக்கி டாக்கி தொங்கும். கைத்தொலைபேசிக்கு அலை எட்டாத இடத்திலும் அது கருவிக்குக் கருவி நேராகப் பேசும். ஆபத்து நேரத்தில் அவர் நம்பியிருப்பது அதைத்தான். ஆகவே இந்தப் பக்கத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

வாக்கி டாக்கியின் உயிர் அதன் முதுகில் மாட்டியிருக்கும் பேட்டரி. அது தீரும் தறுவாயில் ‘பீப், பீப்’ என்று சத்தம் வரும். சில கருவிகளில் சிவப்பு விளக்கு மின்னும். சிலவற்றில் ஒரு குரலே சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சத்தம் யாருக்குக் கேட்கிறது? கருவியைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே! மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. காட்டுக்குள் ஒருவர் பாம்பு கடித்துக் கிடந்தாலும், ஒன்றும் நடக்காமல் நிம்மதியாக இருந்தாலும், பேட்டரி தீர்ந்த கருவி ஒரே மாதிரிதான் மௌனமாக இருக்கும். ஆபத்தே இங்குதான் இருக்கிறது.

பேச்சுதான் பெருஞ்செலவு

ஐந்து வாட் சக்தியுள்ள கருவியில் பொத்தானை அழுத்திப் பேசும்போது சுமார் ஒன்றரை ஆம்பியர் மின்சாரம் செலவாகிறது. சும்மா காத்திருக்கும்போது ஏறக்குறைய அதில் இருபதில் ஒரு பங்குதான். அதாவது, ஒரு நிமிடப் பேச்சு இருபது நிமிடக் காத்திருப்பை விழுங்கிவிடுகிறது!

பெட்டியின்மேல் “இத்தனை மணி நேரம் உழைக்கும்” என்று அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது நூற்றுக்கு 5 பங்கு பேச்சு, 5 பங்கு கேட்பு, 90 பங்கு காத்திருப்பு என்ற கணக்கில் சொல்லப்படுவது. எட்டு மணி நேர வேலையில் 24 நிமிடம்தான் பேச்சு என்று பொருள். ஊர்க்கதை பேசினால் அந்தக் கணக்கு எப்படி நிற்கும்?

எச்சரிக்கை ஏன் தாமதமாக வருகிறது?

மண்ணெண்ணெய் விளக்கு அணையுமுன் மங்கும். நாம் எழுந்து எண்ணெய் ஊற்றலாம். இன்றைய லித்தியம் அயன் பேட்டரி அப்படியல்ல. முழுதாக நிறைந்தபோது 8.4 வோல்ட் காட்டும் பேட்டரி, நெடுநேரம் மெதுவாக இறங்கி, கடைசியில் மளமளவென்று சரிந்துவிடும். பல கருவிகள் இந்த வோல்ட்டை அளந்துதான் ‘பீப்’ கொடுக்கின்றன. எனவே சத்தம் வரும்போது மிச்சம் கொஞ்சம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேசும் பொத்தானை அழுத்தியவுடன் வோல்ட் சட்டென்று தாழும். ஆகவே, பிறர் பேசுவது நன்றாகக் கேட்கும் கருவியே, நாம் பேச முயலும்போது அணைந்துபோகலாம். “கேட்கிறதே, பேசவும் முடியும்” என்று நம்பியிருக்க வேண்டாம்.

பழைய பழக்கமும் புதிய பேட்டரியும்

“பேட்டரி முழுதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் செய்ய வேண்டும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் அறிந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. அதற்கு அந்த யோசனை பொருத்தமானதே. ஆனால் 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் வகைக்கு அது தேவையில்லை. பாதி தீர்ந்திருந்தாலும் சார்ஜ் செய்யலாம். உங்கள் பேட்டரி எந்த வகை என்பது அதன்மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும்.

லித்தியம் பேட்டரிக்குப் பெரிய பகை வெயில். மோட்டார் சைக்கிள் பெட்டியிலும், மூடிய காரிலும் போட்டு வைக்காதீர்கள். உரத்தூளும் ஈரமும் பட்டால் பேட்டரியின் உலோகத் தகடுகள் அரித்துப்போகும். காய்ந்த துணியால் துடையுங்கள். சில நூறு தடவை சார்ஜ் செய்த பேட்டரி பழைய வலுவோடு இருக்காது. பச்சை விளக்கு எரிந்தாலும் பாதி வேலை நேரத்தில் அது படுத்துவிடலாம். வயிறு உப்பிய பேட்டரியை உடனே நிறுத்திவிடுங்கள். அதைக் குத்தவோ நெருப்பில் போடவோ கூடாது. பிள்ளைகள் கைக்கும் எட்டக் கூடாது.

‘பீப்’ கேட்டதும் என்ன செய்வது?

முதல் சத்தத்திலேயே பேசிவிடுங்கள். பொத்தானை அழுத்தி, ஒரு விநாடி பொறுத்து, பெயர், இடம், நிலைமை மூன்றையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்: “நான் பழைய கிணற்றுப் பக்கம் இருக்கிறேன். நலம். பேட்டரி தீர்கிறது. அரை மணியில் ஆபீசுக்கு வருகிறேன்.” இவ்வளவு போதும். மறுமுனையில் இருப்பவர் இனி உங்கள் மௌனத்தைச் சரியாகப் புரிந்துகொள்வார். அரை மணி கடந்தும் நீங்கள் வராவிட்டால் எங்கே தேடுவது என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு மாற்று பேட்டரி இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால், கருவியில் வசதியிருந்து அருகில் ஆள் இருந்தால் சக்தியைக் குறைத்து வையுங்கள், பேச்சையும் குறையுங்கள்.

அதைவிட முக்கியமானது, காலைப் பெரட்டிலோ, இரவு வேலை தொடங்கும் முன்போ செய்ய வேண்டிய ஓர் ஒப்பந்தம். மணிக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் பதில் இல்லையென்றால், “பேட்டரி தீர்ந்திருக்கும்” என்று சும்மா இருந்துவிடாமல், இருவராகப் புறப்பட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். பத்து முறை வீண் நடையாகலாம். பதினோராவது முறை ஓர் உயிர் பிழைக்கலாம் அல்லவா?

மேலதிகாரிகளிடம் மாற்று பேட்டரி கேட்பதும் தவறில்லை. தனியாக வேலை செய்பவருக்கு அது ஆடம்பரப் பொருளல்ல. கையுறையும் தலைக்கவசமும் போல அதுவும் பாதுகாப்புச் சாதனமே.

வேலைக்குப் புறப்படும்போது “சாப்பாடு எடுத்தாச்சா?” என்று கேட்கிறோம். அதோடு “பேட்டரி நிறைஞ்சிருக்கா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.