சட்டத்துக்குள் ஒரு சட்டம்

(பார்மசி பிரிவு, இரண்டாம் ஆண்டு)

எந்த மெடிக்கல் ஷாப்புக்குள் நுழைந்தாலும் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட இரண்டு மூன்று தாள்கள் தொங்குவதைப் பார்க்கலாம். சாமி படத்துக்குப் பக்கத்தில், ஊதுபத்திப் புகை படிந்து மங்கிப் போயிருக்கும். ஒன்று கடையின் லைசென்ஸ். இன்னொன்று பதிவு பெற்ற மருந்தாளுநரின் சான்றிதழ். அதை யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால் பார்மசி படிக்கும் நாம் படித்தே ஆக வேண்டும். நாளைக்கு அந்தச் சட்டத்துக்குள் போகப் போவது நம்ம பெயர்தானே!

மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, "இது பார்மசிக்காரங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாத்திரை வாங்காத வீடு ஏது?

மூன்று சட்டங்கள் வந்த கதை

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் போலி மருந்தும் தரமில்லாத மருந்தும் நாடெங்கும் மலிந்து கிடந்தன. இதை ஆராய 1930இல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பிறகு 1940இல் மருந்துகள் சட்டமும், 1945இல் அதற்கான விதிகளும் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1948இல் பார்மசி சட்டம் வந்தது.

முதல் இரண்டும் மருந்தைக் கட்டுப்படுத்துகின்றன. மூன்றாவது, மருந்தை எடுத்துக் கொடுக்கும் ஆளைக் கட்டுப்படுத்துகிறது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுப்பதோ எடுத்துக் கொடுப்பதோ பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை, மற்றவர் செய்தால் குற்றம் என்கிறது அதன் 42ஆம் பிரிவு. மருந்து விதிகளும் இதையே சொல்கின்றன. சீட்டுக்கு மருந்து கொடுப்பது மருந்தாளுநரின் கையாலோ அவருடைய நேரடிக் கண்காணிப்பிலோதான் நடக்க வேண்டும்.

அட்டை பேசும் பாஷை

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'ஆர்எக்ஸ்' என்ற குறி இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. இவற்றில் மூன்று பட்டியல்கள் முக்கியமானவை.

ஷெட்யூல் ஹெச்: சீட்டு கட்டாயம்.

ஷெட்யூல் ஹெச்-1: 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சக்தி வாய்ந்த ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மாத்திரைகள் இதில் வரும். இவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

ஷெட்யூல் எக்ஸ்: இன்னும் கடுமை. மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். சீட்டு இரண்டு பிரதி வேண்டும். அதில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும்.

"இவ்வளவு கெடுபிடி எதுக்குப்பா?" என்று கேட்கலாம். ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விழுங்கினால் கிருமிகள் அதற்குப் பழகிப் போகும். அப்புறம் நிஜமாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது.

இரண்டு வாசல்கள்

மருந்துக்குச் சட்டம் இரண்டு வாசல்களில் காவல் வைத்திருக்கிறது. ஒன்று தொழிற்சாலை, மற்றொன்று கடையின் கவுன்டர். தொழிற்சாலை வாசலில் காவல் தவறினால் ஊரறியத் தெரிந்துவிடும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசு நடத்திய சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ வெறும் 0.1 சதவீதம்!

கவுன்டர் வாசலில் தவறினால் பேப்பரில் வராது. பெரும்பாலும் யாருக்குமே தெரியாது. இரண்டு உதாரணம் பாருங்கள்.

மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரை மாதிரி தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். "பாட்டி, இது வாரத்துக்கு ஒருதடவைதான். எந்தக் கிழமை சாப்பிடப் போறீங்க?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பிலோ 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். சிரப் தீர்ந்துவிட்டதென்று சொட்டு மருந்தை எடுத்துக் கொடுக்க, அம்மா வழக்கம்போல 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். நாலு மடங்கு!

இதையெல்லாம் ரிஜிஸ்டர் தடுக்காது. சுவரில் தொங்கும் தாளும் தடுக்காது. கவுன்டரில் நிற்கும் படித்த ஆள்தான் தடுக்க முடியும்.

வாடகைக்கு ஒரு பெயர்

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருவோம். பல கடைகளில் சான்றிதழ் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். "நீ வர வேண்டாம் தம்பி. சர்டிபிகேட்டை மட்டும் குடு. மாசாமாசம் பணம் வீடு தேடி வரும்" என்பார்கள். நம் சீனியர்கள் பலருக்கு இந்த அழைப்பு வந்திருக்கிறது. நமக்கும் வரும். கடைச் சம்பளம் குறைவு, வீட்டில் கஷ்டம், தங்கை கல்யாணம் என்று சரி சொல்ல நூறு காரணம் இருக்கும். அவை எல்லாம் பொய்க் காரணங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் யோசியுங்கள். சுவரில் நம் பெயர் தொங்க, கவுன்டரில் பத்தாவது படித்த பையன் நின்று அந்தப் பாட்டிக்கு மாத்திரை கொடுக்கிறான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டிக்கு ஏதாவது ஆனால் சட்டம் யாரைத் தேடும்? கடை முதலாளியோடு நம்மையும் சேர்த்துத்தான்! கடையில் இல்லாமல் சான்றிதழை மட்டும் கொடுத்து வைப்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2015ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை விதிகள் சொல்கின்றன. பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்க பார்மசி சட்டத்தில் இடமிருக்கிறது. போலி மருந்தாளுநர்கள் பற்றிய பீகார் வழக்கு ஒன்றில், இது மக்களின் உயிரோடு விளையாடுவது என்ற கருத்தை 2022இல் உச்ச நீதிமன்றமே தெரிவித்தது.

எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, பார்க்காத வயரிங்குக்குக் கையெழுத்துப் போடுவீர்களா? சிவில் நண்பர்களே, போகாத சைட்டுக்கு? எல்லாப் பட்டயத்துக்கும் கேள்வி ஒன்றுதான்.

நாம் செய்யக் கூடியவை

பார்மசி நண்பர்கள்: பயிற்சிக்கான 500 மணி நேரத்தைக் கையெழுத்துக்காகக் கழிக்காமல் கவுன்டரில் நின்று பழகுங்கள். வேலைக்குப் போனால், போகிற கடைக்கு மட்டும் சான்றிதழ் கொடுங்கள்.

மற்ற நண்பர்கள்: மருந்து வாங்கும்போது "ஃபார்மசிஸ்ட் இருக்காரா சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். அட்டையில் காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மாத்திரையைக் கிழியுங்கள். மருந்தால் ஏதாவது பக்க விளைவு வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அத்துடன் 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் தெரிவிக்கலாம்.

இரண்டு வருஷம் படித்து வாங்கும் சான்றிதழ் அது. அது தொங்கும் கடையில் நாமும் இருப்போம், நண்பர்களே!