நினைவுக்கு ஒரு நிழல்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரிக்கப்பட்டு, உறவினர்கள் தத்தம் ஊர் திரும்பிய பின்னரே பல வீடுகளில் பிரிவின் வெறுமை முழுமையாக உணரப்படுகிறது. வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்த கைகளும், தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்த கைகளும், இரவெல்லாம் கட்டிலருகே விழித்திருந்து முதுகை நீவிவிட்ட கைகளும் திடீரென வேலையற்றுப் போகின்றன. அன்பு குறைவதில்லை, அதைச் செலுத்தும் வழி அடைபட்டுவிடுகிறது. "இனி எங்கே போய்ப் பார்ப்பது?" என்று குடும்பத்தினர் கலங்குவது இதனால்தான்.

இக்கேள்விக்கு வட சென்னையின் மரபுகள் பல விடைகளைத் தந்துள்ளன. கிறித்தவக் குடும்பத்தினர் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலரும் மெழுகுவத்தியும் வைக்கின்றனர். இசுலாமியர் கபர்ஸ்தானுக்குச் சென்று மறைந்தோருக்காக இறைவனிடம் வேண்டுகின்றனர். எரியூட்டிச் சாம்பலைக் கடலில் கரைத்தவர்கள் ஆடி அமாவாசையன்று கரையில் நின்று எள்ளும் நீரும் இறைக்கின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலையில் வந்த ஆழிப்பேரலை பறித்துச் சென்ற உயிர்களுக்காக, ஆண்டுதோறும் அதே நாளில் காசிமேட்டு மீனவ மக்கள் கடலில் பாலூற்றி மலர் தூவுகின்றனர். ஆனால் தூவிய மலரை அலை அன்றே கொண்டுபோய்விடுகிறது. ஆண்டின் எஞ்சிய நாள்களிலும் போய்ச் சற்றே அமர்ந்துவர ஓரிடம் வேண்டுமென்று மனம் ஏங்குகிறது.

நந்தம்பாக்கத்துத் தோட்டம்

அத்தகைய இடம் எவ்வாறு அமையலாம் என்பதற்கு நம் நகரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்தில் இருக்கிறது மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். 1952இல் அமைக்கப்பட்ட இதில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உயிர்நீத்த 856 பேர் துயில்கின்றனர். தெற்கிலும் கிழக்கிலும், நிலையான பராமரிப்புக்கு உறுதியில்லாத பல கல்லறைகளிலிருந்து அவர்கள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். பசும்புல்வெளியில் வரிசை வரிசையாக நிற்கும் கற்கள் ஒரே அளவினவாக உள்ளன. பெயர், பதவி, இறந்த நாள் ஆகியவற்றின் கீழே, பல கற்களில் குடும்பத்தார் தேர்ந்தெடுத்த ஒரு வரியும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இதைப் பேணிவருவது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இறந்த ஒவ்வொருவரும் பெயரால் நினைக்கப்பட வேண்டும். பதவி, இனம், சமயம் கருதி வேற்றுமை காட்டலாகாது என்பது 1917இல் தோன்றிய அவ்வாணையத்தின் நெறி. அந்நெறி எல்லா இடங்களிலும் காக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் பலரின் பெயர்கள் கல்லில் இடம்பெறாமலே போயின. அதற்காக 2021இல் ஆணையம் மன்னிப்புக் கோரியது. நூறாண்டு கடந்தும் ஒரு பெயர் விடுபட்டது உறுத்துகிறதென்றால், பெயர் சொல்லி நினைப்பது எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

ஆணையத்தின் கல்லறைத் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்லின் அடியில் தாழ்ந்து வளரும் செடிகளை நடுவர். மழை பெய்யும்போது மண் தெறித்து எழுத்துகளை மறைக்காதவாறு அச்செடிகள் தடுக்கின்றன. ஆக, பூச்செடி அங்கே அழகுக்காக மட்டும் நிற்கவில்லை. பெயருக்குக் காவலாகவும் நிற்கிறது.

போரில் இறந்தோரின் உடல்களைத் தாயகத்துக்கு எடுத்துச் செல்ல அரசு இசையவில்லை. ஆகவே கடல்கடந்த நாடுகளில் வாழ்ந்த தாய்மாரும் மனைவியரும் பலர், அந்தக் கல்லைக் கண்ணால் காணாமலே மறைந்திருப்பர். சென்னையின் வெயிலில் புல்லுக்கு நீர் ஊற்றுவோரோ இறந்தவரின் முகம் அறியாதவர்கள். துயரம் ஒரு குடும்பத்துக்கே உரியது. ஆயினும் அதைப் பேணும் பணியில் பிறரும் கைகொடுக்க முடியும் என்பதை இத்தோட்டம் நமக்குக் காட்டுகிறது.

மரமும் உறவே

கடற்கரை மக்களுக்கு இது புதிய எண்ணமன்று. நற்றிணையின் 172ஆம் பாடலில், வெண்மணலில் புதைத்து விளையாடிய புன்னை விதை முளைத்து எழுகிறது. சிறுமியர் அதற்கு நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கின்றனர். அது உங்களுக்கு உடன்பிறந்தாள் என்று தாய் சொல்லிவைக்கிறாள். பின்னாளில் வளர்ந்த பெண், அம்மரத்தின் கீழ்க் காதலனோடு சிரித்துப் பேசவும் நாணுகிறாள். மாண்ட வீரருக்குக் கல் நட்டு, அதை நடுகல் என்று அழைத்ததும் நம் முன்னோரே. கல்லுக்கும் கன்றுக்கும் நாம் வழங்கும் சொல் ஒன்றுதான்: நடுதல்.

நடுமுன் சில குறிப்புகள்

மறைந்தவர் நினைவாக மரம் நட விரும்புவோர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்க. எண்ணூர் முதல் ராயபுரம் வரையுள்ள கரையோரத்தின் உப்புக் காற்றைப் புன்னையும் பூவரசும் நன்கு தாங்கும். திருவொற்றியூர்க் கோயிலோடு பிணைந்த மகிழம் நிழலும் மணமும் தரும். பூங்காவிலோ சாலையோரத்திலோ நடுவதாயின் மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் முன்னரே அனுமதி பெறுதல் வேண்டும். திருவொற்றியூர் 1ஆம் மண்டலத்தையும் ராயபுரம் 5ஆம் மண்டலத்தையும் சார்ந்தவை. மின்கம்பிகளுக்குக் கீழே நடுதல் கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் ஏற்ற காலம். புயற்காற்றில் சாயாதவாறு கொம்பு ஊன்றித் தளர்வாகக் கட்டுக. எரியூட்டிய சாம்பலைக் குழியில் மொத்தமாக இட வேண்டாம். அதிலுள்ள உப்பும் காரத்தன்மையும் இளம்வேரைக் கெடுக்கும்.

முதல் இரு கோடைகளில் நீர் தவறலாகாது. அப்பொறுப்பை ஒருவரே சுமக்காமல், பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது நன்று. எவ்வளவு பேணியும் சில கன்றுகள் பட்டுப்போகும். அது இரண்டாம் முறை இழந்ததுபோல் நெஞ்சை வருத்தலாம். அது எவருடைய குற்றமும் அன்று. சிகிச்சை பலனளிக்காமல் போனதும் உங்கள் குற்றமன்று. அதே குழியில் மற்றொரு கன்று நடலாம்.

மரம் நடுவதால் மட்டும் எல்லோருடைய துயரமும் தணிந்துவிடாது. மாதங்கள் பல கடந்தும் உறக்கமும் உணவும் கொள்ளாமல், வாழவே விருப்பமின்றித் தவிப்போர் தயங்காமல் மருத்துவரை நாடுக. மனநல ஆலோசனைக்கான 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஊற்றும் ஒரு குடம் நீர், வேலையற்றுப் போன கைகளுக்கு மீண்டும் ஒரு வேலையைத் தரும். சில ஆண்டுகளில் அம்மரத்தடியில் முன்பின் அறியாத எவரோ ஒருவர், வெயிலுக்கு ஒதுங்கிச் சற்றே இளைப்பாறுவார். மறைந்தவரின் பெயர் அவருக்குத் தெரியாமலிருக்கலாம். நிழல் அவருக்கும் கிடைக்கும்.