காமா கேமராவுக்குப் பயப்படலாமா?

"எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாங்க வைத்தியரே... அந்த மெஷின் உடம்புல கதிரைப் பாய்ச்சுமாமே! பேசாம நீங்களே ஒரு லேகியம் கொடுத்துடுங்க" என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. நீங்களும் அப்படி நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள்!

நாடி பார்க்கும் விரல் உங்கள் உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. துடிப்பை வாங்கிக் கொள்கிறது, அவ்வளவுதான். காமா கேமராவும் அப்படியே. ஊசியில் போடும் டெக்னீசியம் மருந்து எலும்பில் போய்ச் சேர்ந்து காமா கதிர்களை விடும். கேமரா அதை வாங்கிப் படமாக்கும். (கூடவே சி.டி.யும் எடுத்தால், அதில் மட்டும் எக்ஸ்ரே உண்டு.)

1957-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் இதை உருவாக்கினார். முன்னால், ஆயிரக்கணக்கான துளைகள் போட்ட ஈயத் தகடு. நேராக வரும் கதிருக்கு மட்டும் வழிவிடும். அடுத்து சோடியம் அயோடைடு படிகம். கதிர் பட்டதும் மினுக்கென்று ஒளிரும். அதன் பின்னாலுள்ள குழாய்கள் அந்த ஒளியை மின்சாரமாக மாற்ற, எந்த இடத்தில் மினுக்கியது என்பது கணக்காகிவிடும்.

சுமார் 10,000 கதிர்களில் ஒன்றுதான் துளையைத் தாண்டும். அதனால்தான் படம் சேர நேரமாகிறது. ஆடாமல் அசையாமல் படுத்திருங்கள். அசைந்தால் படம் கலங்கிவிடும்!

மருந்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். டாக்டர் தடை சொல்லாவிட்டால் நிறையத் தண்ணீர் குடியுங்கள். சிறுநீரில் மருந்து வெளியேறும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஸ்கேன் முடியட்டும். லேகியத்தை அப்புறம் பார்த்துக்கலாம்!