ஜீவாவின் ஆட்சியில் விழுப்புரம்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 2020-களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. நாடு ஜீவா என்ற சர்வாதிகாரியின் பிடியில் இருக்கிறது. பிள்ளை பெறவே அரசு அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என்று பெயரெல்லாம் இரண்டெழுத்து, கூடவே ஓர் எண். நிலாவின் கணவன் சிபி காணாமல் போனதும் கதை வேகம் பிடிக்கிறது; தலைநகரையும் அதிகாரத்தையும் விட்டு அது விலகுவதில்லை. அந்த ஆட்சி விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எப்படி நடந்தது என்று பார்க்க நாவலுக்கு நேரமில்லை.

இப்படி விடுபட்ட மூலையை எடுத்துக்கொண்டு, அதே உலகத்துக்குள் தனியாக நிற்கும் சிறிய கதையை எழுதினால் அதுதான் துணைக் குறுநாவல். இரண்டாம் பாகம் வேறு. சுஜாதாவே எழுதிய 'மீண்டும் ஜீனோ' இந்த நாவலின் இரண்டாம் பாகம்; விட்ட இடத்திலிருந்து கதையை முன்னே கொண்டுபோகிறது. ஆனாலும் முதல் நாவலில் துணைப் பாத்திரமாக இருந்த ஜீனோ என்ற இயந்திர நாயை நடுவே கொண்டுவந்து நிறுத்தியது அதன் பெரிய பலம். துணைக் குறுநாவலின் குணம் அதில் பாதி இருக்கிறது என்பேன்.

முழு உதாரணம் வேண்டுமென்றால் உர்சுலா கே. லெ குவினிடம் போக வேண்டும். அவருடைய 'தி டிஸ்பொசஸ்ட்' நாவல் 1974-இல் வந்தது. அரசே இல்லாத ஒரு சமூகம். ஓடோ என்ற பெண்ணின் எழுத்துகள்மீது எழுந்தது. நாவல் நடக்கும் காலத்தில் ஓடோ இறந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. வெறும் பெயர், ஒரு சிலை. அதே ஆண்டு வெளிவந்த 'தி டே பிஃபோர் தி ரெவல்யூஷன்' ஓடோவின் ஒரே ஒரு நாளைச் சொல்கிறது. பக்கவாதம் வந்து உடல் தளர்ந்த கிழவி, இறந்த கணவனை நினைத்துக்கொண்டு, தன்னைச் சுற்றும் இளைஞர்களிடம் எரிச்சல்பட்டுக்கொண்டு நடமாடுகிறாள். அளவில் அது சிறுகதைதான். அதைப் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பினால், ஒவ்வொரு முறை ஓடோவின் பெயர் வரும்போதும் ஒரு மனுஷி தெரிகிறாள். நாவலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

1972-இல் வந்த 'தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்' குறுநாவலும் அதே பேருலகைச் சேர்ந்தது. கோள்களுக்கிடையே நொடியில் செய்தி அனுப்பும் அன்சிபிள் என்ற கருவி அதில் ஒரு காலனிக்கு வந்து சேர்கிறது. அந்தக் கருவிக்கு அடிப்படையான கணக்கைப் போட்டவனின் கதைதான் பிற்பாடு 'தி டிஸ்பொசஸ்ட்' நாவலாயிற்று.

தமிழுக்குக் குறுநாவல் புதிதல்ல. சுஜாதா 'கடைசிப் பக்கம்' எழுதிய அதே கணையாழி இதழ், தி. ஜானகிராமன் நினைவாகக் குறுநாவல் போட்டியே நடத்தியது. அந்த வடிவத்தை அறிவியல் புனைவின் உலகங்களுக்குள் இறக்கியவர்கள்தான் குறைவு. எனக்கு அது உண்மையான ஏக்கம்.

விழுப்புரம் சந்திப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. ஆளுக்கு ஓர் எண் கொடுத்த அரசு, வண்டி மாறும் கூட்டத்தை எங்கே நிறுத்தி, எப்படிச் சரிபார்க்கும்? திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்களுக்கு ஊர்ப்பெயரின் சுருக்கமும் எண்ணும்தான் பெயர்: டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7. எந்த விதை முளைக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையில் இருக்கும் ஒருத்தி, தன் பிள்ளைக்கு அனுமதி கேட்டு மனுப்போட்டுக் காத்திருக்கிறாள் என்று வையுங்கள். ஜீவாவை அவள் நேரில் பார்க்கவே வேண்டாம். நிலாவைத் தொலைக்காட்சியில் ஒருமுறை பார்த்தால் போதும்.

எழுதுபவருக்குக் கட்டுப்பாடு உண்டு. மூலநாவலின் சட்டதிட்டங்களை மீறக்கூடாது. அதன் முடிவையும் தொடக்கூடாது. நாவலைப் படிக்காதவருக்கும் கதை புரிய வேண்டும். உரிமை வைத்திருப்பவர்களின் அனுமதி இல்லாமல் அச்சுக்குக் கொடுக்கவும் முடியாது. சுஜாதா மறைந்தது 2008-இல். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை நீடிக்கும் என்பது இந்தியச் சட்டம்.