தள்ளுபடி அறையும் தலயாத்திரையும்

இராமேசுவரத்திற்குக் கால்நடையாக யாத்திரை சென்ற காலத்தில் வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. வந்தவருக்கு அன்னமும் தங்க இடமும் கிடைத்தன. முன்பதிவு என்ற பேச்சே இல்லை. இன்றைய யாத்திரிகர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கைப்பேசியில் அறை தேடுகிறார். 3,000 ரூபாய் என்பதைக் கோடிட்டு அடித்து, அதன் கீழே 1,400 என்று பயணத் தளம் காட்டுகிறது. ‘இன்னும் ஓர் அறையே உள்ளது’ என்னும் சிவப்பு எழுத்து அவசரப்படுத்துகிறது. சில நிமிடங்களில் பணம் போய்விடுகிறது.

இத்தகைய தளங்களில் ஒரே அறைக்குப் பெரும்பாலும் இரண்டு விலைகள் உண்டு. குறைந்த விலையின் அருகே, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்று சிறிய எழுத்தில் இருக்கும். சற்றுக் கூடுதலான மற்றொரு விலையில், குறித்த நாள் வரை ரத்து செய்து முழுத் தொகையையும் பெறலாம். உல்லாசப் பயணம் செல்வோர் முதல் விலையைத் துணிந்து ஏற்கலாம். ஆலய யாத்திரை செல்லும் குடும்பத்தின் நிலை வேறு. தாயாதிகளில் ஒருவர் காலமானாலும், குழந்தை பிறந்தாலும், குல வழக்கப்படி பத்து நாட்களோ பதினாறு நாட்களோ தீட்டு. அந்நாட்களில் கோயிலுக்குச் செல்வதில்லை. புறப்படும் நாளன்று வரும் ஒரு தொலைபேசிச் செய்தியால் யாத்திரை நின்றுவிடக்கூடும். தீட்டு என்ற காரணத்தை எந்தப் பயணத் தளத்தின் விதியும் அறியாது.

திருக்கடவூரில் மணிவிழா நடத்துவோருக்கு இது இன்னும் பெரிய கவலை. பிறந்த தமிழ் மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் கூடும் நாளில் சாந்தி செய்வது மரபு. மகன், மகள், சம்பந்தி வீட்டார் என்று எட்டு, பத்து அறைகள் தேவைப்படும். முகூர்த்தம் காலையில் என்பதால் முந்தைய இரவே அங்கே இருந்தாக வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதத்திற்கும் இடையே நட்சத்திரம் நிற்கும் நேரம் மாறுபடுவதால், சில ஆண்டுகளில் நாளே மாறிவிடுவதும் உண்டு. குடும்பப் புரோகிதரிடமும் கோயில் குருக்களிடமும் நாளை உறுதி செய்யாமல், மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்து அறைகளைப் பதிவு செய்துவிட்டால், ஒரு நாள் வேறுபாட்டில் பத்து அறைகளின் பணமும் போய்விடும். ஓர் அறைக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ரத்து உரிமையைப் பெறுவது இங்கே வீண் செலவாகாது.

அடுத்தது நேரம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் கிளம்புவோர் அதிகாலையில் இராமேசுவரத்தில் இறங்குகிறார்கள். ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலையில். பிறகு அக்னி தீர்த்தம், ஆலயத்தினுள் 22 தீர்த்தங்கள், ஈரத்துணி மாற்றிக்கொண்டு சுவாமி தரிசனம். பை வைக்கவும், வயதானவர்கள் உடை மாற்றவும் அறை தேவைப்படுவது காலை ஐந்து மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்தான். தளத்தில் பதிவு செய்த அறையோ பெரும்பாலும் பகல் 12 மணிக்குத்தான் கைக்கு வரும். மறுநாள் காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். விடியற்காலையில் சென்று நின்றால், முந்தைய நாளுக்கும் சேர்த்து வாடகை கேட்கிறார்கள். தள்ளுபடியில் மிச்சமானது அங்கேயே கரைந்துவிடும். நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடும் விடுதிகள் பல தலங்களில் உண்டு. இந்த விவரம் தளத்தில் எளிதில் கண்ணில் படாது; விடுதிக்கே தொலைபேசியில் பேசினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தூரமும் அப்படித்தான். ‘விசுவநாதர் ஆலயத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்’ என்று காசி விடுதி ஒன்றைப் பற்றித் தளம் சொல்வது வரைபடத்தில் இழுத்த நேர்க்கோடாக இருக்கலாம். காசியின் சந்துகளில் கார் நுழையாது; ஆட்டோவும் ஓரெல்லைக்கு மேல் வராது. படித்துறைகளை ஒட்டிய விடுதிகளுக்குப் படியேறி இறங்கிப் பெட்டியைச் சுமந்து செல்ல வேண்டும். முழங்கால் வலியுள்ள தாயாருக்கு அறையின் அழகைவிட வாகனம் எதுவரை வரும் என்பது முக்கியம்.

விடுதிக்கு நேரே பேசுவதால் வேறொரு பயனும் உண்டு. தளம் தன் வழியே வரும் ஒவ்வொரு பதிவுக்கும் விடுதியிடம் கமிஷன் பெறுகிறது. தங்களைவிடக் குறைந்த விலைக்கு வேறெங்கும் அறை தரக்கூடாது என்று விடுதிகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களும் இருந்தன. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் இதனை ஆராய்ந்து, மேக்மைட்ரிப், கோஐபிபோ தளங்களை நடத்தும் நிறுவனத்திற்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அத்தகைய நிபந்தனைகளை மாற்றுமாறு ஆணையிட்டது. ஆகவே, தளத்தில் கண்ட விலையைச் சொல்லி, ‘நேரில் பதிவு செய்தால் எவ்வளவு?’ என்று கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. சில விடுதிகள் விலையைக் குறைக்கும். சில அதே விலையில் காலைச் சிற்றுண்டியோ முன்கூட்டி அறையோ தரும். தளத்தின் விலையே குறைவாக இருக்கும் நாட்களும் உண்டு. அப்போது அதிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்கத் தூண்டுவதும், கேளாமலே காப்பீட்டையோ நன்கொடையையோ தொகையில் சேர்ப்பதும் தவறான வணிக முறைகள் என்று 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்திருக்கிறது. பணம் செலுத்தும் முன் கடைசிப் பக்கத்தை ஒரு முறை நிதானமாகப் படிப்பது நல்லது.

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியது வேறு. கிரிவலக் கூட்டத்தில் வாடகை பல மடங்கு ஏறும்போது, ஒரு மாதம் முன்பு மலிவு விலையில் வந்த பதிவை ‘எங்களுக்கு வரவே இல்லை’ என்று கைவிரிக்கும் விடுதிகளும் உண்டு. பணம் தளத்திடம் இருக்கிறது என்பார் விடுதிக்காரர். விடுதி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பார் தளத்தார். நடுவில் நிற்பது குழந்தைகளோடு வந்த குடும்பம். பதிவு செய்தவுடனும், புறப்படுவதற்கு முதல் நாளும் விடுதியை அழைத்துப் பதிவு எண்ணைச் சொல்லி, பெயர் அவர்கள் ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் இந்த அலைச்சல் பெரும்பாலும் நேராது. அப்படியும் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கோயில்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் தங்குமிடங்களைத் தேடும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். திருமலையில் தேவஸ்தான அறைகளைத் தேவஸ்தானத்தின் சொந்தத் தளத்திலோ, செயலியிலோ, நேரில் அங்குள்ள அலுவலகத்திலோதான் பெற முடியும். வேறொருவர் தள்ளுபடியில் தருகிறேன் என்றாலே சந்தேகிக்க வேண்டும். சோமநாதம், கேதாரம் போன்ற தலங்களின் பெயரில் போலித் தளங்களும் விளம்பரங்களும் உலவுவதாக 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் இணையக் குற்றத் தடுப்பு மையம் எச்சரித்தது. தேடுபொறியில் முதலில் வந்து நிற்பது கோயிலின் தளமாகவே இருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வைத்த விளம்பரமாகவும் இருக்கலாம். தனி நபர் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பக்கூடாது. அனுப்பிவிட்டிருந்தால், வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு.