ரொபர்ட் ஸ்மோல்ஸ்: கப்பலும் வாக்குச்சீட்டும்

ரொபர்ட் ஸ்மோல்ஸ் என்றதும் அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்கு ஞாபகம் வருவது ஒரு கப்பல்தான். ஆனால் அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது வாசிப்பும் வாக்கும் பற்றிய கதை.

1839இல் தென் கரோலினா மாநிலத்தின் பியூபோர்ட் நகரில் அடிமையாகப் பிறந்தவர் அவர். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதை 1834இலேயே அந்த மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைக்கு ஓடிய 'பிளான்டர்' கப்பலில் அவருக்குச் சுக்கான் பிடிக்கும் வேலை. 1862 மே 13 அதிகாலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிய நேரம் பார்த்து, சக அடிமை மாலுமிகளையும் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலைக் கிளப்பினார். கப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோட்டைக் காவலுக்குரிய சமிக்ஞையைச் சரியாக ஊதினார். அப்பால் நின்ற வடமாநிலக் கடற்படைக்கு வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றிக் காட்டி, கப்பலை ஒப்படைத்தார்.

அதற்குப் பிறகுதான் ஆசிரியர் வைத்து வாசிக்கப் பழகினார். பழைய எசமானின் வீட்டையே விலைக்கு வாங்கினார். 1868இல் மாநில அரசியலமைப்புச் சபையில் அமர்ந்தபோது அவர் கேட்டது என்ன? எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பாடசாலை. 1875 முதல் 1887 வரை, இடைவெளிகளோடு, காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். இதற்கிடையில் 1877இல் கைலஞ்சக் குற்றச்சாட்டில் அவரைத் தண்டித்தார்கள். 1879இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

1895இல் தென் கரோலினா புதிய அரசியலமைப்பை எழுதியது. கறுப்பினத்தார் பெரும்பான்மையாக வாழ்ந்த மாநிலம்; சபையிலோ அவர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவர் ஸ்மோல்ஸ். வாக்காளராகப் பதிய வேண்டுமா? அரசியலமைப்பின் ஒரு பிரிவை வாசித்து எழுதிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் 300 டொலர் பெறுமதியான சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. தேறினாரா இல்லையா என்று சொல்வது பதிவு அதிகாரி.

பாருங்கள்: வாசிக்கக் கூடாது என்று நேற்றுத் தடுத்தார்கள்; வாசிக்கத் தெரியாது என்று இன்று வாக்கைப் பறித்தார்கள். ஸ்மோல்ஸ் வாதாடினார், தோற்றார். அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்.

1915இல், எசமானிடமிருந்து கைமாறிய அதே வீட்டில் காலமானார். இத்தகைய பரீட்சைகளைத் தென்மாநிலங்களில் மத்திய அரசின் சட்டம் நிறுத்தியது 1965இல்தான். சட்டத்தில் ஒரு சமூகத்தின் பெயர் இல்லை என்பதால் அது அந்தச் சமூகத்தைத் தொடாது என்று இருந்துவிட முடியாது. பரீட்சை வைப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.